குமிழி ஓடிய பக்கம்

மூன்று நாள் வீண். நில மட்டம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியில் குமிழியை நடுவில் நிறுத்தினால் பத்தே நிமிடத்தில் நகர்ந்துவிடும், உயரம் தெரிந்த புள்ளியான பெஞ்ச்மார்க்குக்குத் திரும்பி வந்தால் உயரத்தில் 6 மி.மீ. வித்தியாசம். கருவியைத்தான் சந்தேகப்பட்டேன், ஆனால் 180 பாகை திருப்பியும் குமிழி நடுவிலேயே நின்றது, ஆக அது சரி. கருவி நிற்கும் ட்ரைபாடின் (முக்காலியின்) கால்களை மண்ணில் இன்னும் மிதித்து இறக்கினேன், வெயிலுக்குக் குடையும் பிடித்தேன். ம்ஹூம்.

அப்புறம்தான் கவனித்தேன், குமிழி எப்போதும் ஒரே காலை விட்டு விலகித்தான் ஓடுகிறது. அந்த மரக்காலைப் பிடித்து முறுக்கினால் அடியில் இரும்புப் பூண் லேசாக ‘டிக்’ என்றது. பூணின் திருகு தளர்ந்திருக்கிறது, நானோ காலின் நீளத்தைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பையே இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் திருகை முறுக்கி, மேலே கீல் போல்ட்டையும், ட்ரைபாடைத் தூக்கினால் விரித்த கால்கள் அப்படியே நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். அன்று மாலை வித்தியாசம் 1 மி.மீ.யில் முடிந்தது.