மாகரானுக்கு எந்த கலர் வாங்கணும், எப்ப போடணும் (நம்ம டெல்டா ஈரக்காத்துக்கு)

மாகரான்னா பாதாம் மாவும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து சுடற ரெண்டு குட்டி வட்ட ஓடு (அதைத்தான் ஷெல்லுங்கறேன்), நடுவுல க்ரீம். இந்த போஸ்ட் அதோட கலர் பத்தி மட்டும்தான். மெரிங்கு (சர்க்கரை போட்டு நுரையா அடிச்ச முட்டை வெள்ளைக்கரு) அடிக்கறது, பைப்பிங் (மாவை பைல இருந்து வட்டமா பிழியறது) எல்லாம் ஓரளவு தெரியும்னு வச்சுக்கறேன். கலரே போடாம ஒரு தடவையாவது ஷெல் ஒழுங்கா எழும்பி, கீழ் ஓரத்துல அந்த ஃப்ரில் (சுருக்கம் சுருக்கமா வர்ற விளிம்பு) வந்த பிறகு இதைப் படிங்க, அது வராம கலர்ல இறங்கினா எங்க தப்புன்னே கண்டுபிடிக்க முடியாது. தூத்துக்குடி மக்ரூன் தேடி வந்தவங்களுக்கு: அது முந்திரில பண்றது, கலரே வேணாம், இந்த பக்கம் வந்திருக்கவே வேணாம் நீங்க.

நான் சொல்ற அளவெல்லாம் இந்த கணக்குக்கு: முட்டை வெள்ளைக்கரு 70 கிராம், காஸ்டர் சுகர் 65, பாதாம் மாவு 90, ஐசிங் சுகர் 90. தராசு இல்லாம கப்புல அளக்கறவங்க முதல்ல தராசு வாங்கிடுங்க. பாதாம் மாவு தோல் நீக்கினதா இருக்கணும், தோலோட அரைச்சா பழுப்புப் புள்ளி விழும், லைட் கலர் எல்லாம் அழுக்கா தெரியும்.

எதை வாங்கறது

கடைல நாலு வகை இருக்கும். தண்ணி மாதிரி சின்ன பாட்டில்ல வர்ற லிக்விட் கலர், ஜெல் கலர், பவுடர், அப்பறம் சாக்லேட்டுக்கு போடற ஆயில் கலர்.

லிக்விட் வேணாம். ஐஸ்கிரீமுக்கும் கேசரிக்கும் ஓகே, இதுக்கு ஆகாது. நல்ல அடர்த்தியா கலர் வரணும்னா அதை ஸ்பூன் கணக்குல ஊத்தணும், அவ்வளவு தண்ணி உள்ள போனா மாவு இளகிடும், பைப் பண்ணினது பரந்து போயிடும். அதுவும் நம்ம ஊர்ல, கும்பகோணமோ மாயவரமோ நாகப்பட்டினமோ, காத்துலயே ஈரம் இருக்கு. மாகரான் ஓவன்ல போறதுக்கு முன்னாடி மேல ஒரு தோல் கட்டணும், விரலால தொட்டா ஒட்டக்கூடாது. தோல் கட்டினாதான் உள்ள இருக்க நீராவி மேல உடைச்சுட்டு வராம கீழ் ஓரமா வெளிய வரும், அதுதான் அந்த ஃப்ரில். மாவுலயும் தண்ணி காத்துலயும் தண்ணின்னா தோல் எப்படிக் கட்டும்? அதனால மாகரான்ல கலர் வாங்கறதுன்னா அது ஈரத்தைக் கணக்கு பண்ற வேலைன்னு நினைச்சுக்கங்க, அழகெல்லாம் அதுக்கப்பறம்.

ஆயில் கலர் இன்னும் மோசம். கொழுப்பு பட்டா மெரிங்குல இருக்க காத்துக்குமிழி எல்லாம் அமுங்கிடும். பாட்டில் பார்க்க ஜெல் மாதிரியே இருக்கும், அதனால லேபிள்ல ஆயில் பேஸ்டு (oil based)ன்னோ சாக்லேட்டுக்குன்னோ இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

என் ஓட்டு ஜெல்லுக்குதான். ஆரம்பிக்கறவங்க கலர் மிஸ்ட் இல்லன்னா மேஜிக் கலர்ஸ் ஜெல் வாங்கினா போதும், பன்னெண்டு பாட்டில் செட்டெல்லாம் வேணாம், மஞ்சள், பிங்க், நீலம், சிவப்பு, பிரவுன்னு அஞ்சு இருந்தா மத்ததை கலந்துக்கலாம். பவுடர் எப்ப வேணும்னா அடர்த்தியான கலருக்கும், அடைமழை நாளுக்கும். அது உலர்ந்ததுங்கறதால ஈரம் ஏறாது.

கேசரி பவுடர் போடலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, பல பாக்கெட்ல கலரோட உப்பும் கலந்திருக்கும், அப்ப ஆரஞ்சு வர்றதுக்கே நிறைய போடணும், ஷெல் உப்பு கரிக்கும்.

அப்பறம் ஒண்ணு, பொட்டலமா மடிச்சுத் தர்ற பேர் தெரியாத கலர் பொடி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் தொடாதீங்க. 2024 பிப்ரவரில பஞ்சு மிட்டாய்ல ரோடமின்-பி இருக்குன்னு முதல்ல புதுச்சேரிலயும் அடுத்து தமிழ்நாட்டுலயும் தடை போட்டாங்க, ஞாபகம் இருக்கும். அது துணிக்குப் போடற சாயம். லேபிள்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பரும் கலரோட நம்பரும் இருக்கணும்: 102 டார்ட்ரசைன் மஞ்சள், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோயிசின், 124 பொன்சோ 4ஆர், 133 பிரில்லியண்ட் ப்ளூ, இதெல்லாம் வழக்கமா பார்க்கறது. அனுமதி இருக்க கலருக்கும் பொதுவா ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம்னு வரம்பு இருக்கு, அது ரொம்ப ரொம்ப கொஞ்சம். ஆர்டர் எடுத்து விக்கறவங்க இதை மனசுல வச்சுக்கங்க.

எப்ப போடறது

வெள்ளைக்கருவை அடிச்சு, சர்க்கரை முழுக்க போட்டு, பீட்டரைத் தூக்கினா நுனி மடங்கி விழற பதம் வருதுல்ல, அப்ப ஜெல் போடுங்க. லைட் கலருக்கு ரெண்டு சொட்டு, நல்ல கலருக்கு நாலஞ்சு. போட்டுட்டு நுனி நேரா நிக்கற வரைக்கும் அடிங்க. கடைசில பாதாம் மாவு கலக்கறப்ப போடலாம்னு நினைக்காதீங்க, கலர் சமமா பரவறதுக்கு கூட கிண்டுவீங்க, அந்த கூடுதல் கிண்டல்லயே மாவு தளர்ந்துடும்.

பவுடர்னா ஐசிங் சுகரோட சேர்த்து ரெண்டு தடவை சலிச்சுடுங்க. ரொம்ப கொஞ்சமா ஆரம்பிங்க. சலிக்கலன்னா அங்கங்க புள்ளி புள்ளியா நிக்கும், அதுவும் காயறப்பதான் வெளிய தெரியும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப எல்லாரும் வழுக்கற இடம், என்னையும் ரொம்ப நாள் படுத்தின இடம். மெரிங்குல பார்க்கற கலர் ஷெல்லோட கலர் கிடையாது. பாதாம் மாவும் ஐசிங் சுகரும் வெள்ளை, ரெண்டும் சேர்ந்து 180 கிராம் உள்ள போகுது, கலர் சட்டுனு வெளுத்துடும். அதுக்கப்பறம் ஓவன் சூட்டுல இன்னும் மாறும். நான் என்ன பண்றேன்னா, ஒரு வெள்ளைத் தட்டுல அரை டீஸ்பூன் மெரிங்கு எடுத்து, அதோட அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடவே பாதாம் கலவை சேர்த்து ஸ்பூன் பின்பக்கத்தால தேய்ச்சுப் பார்ப்பேன். அந்தத் தேய்ப்புதான் கிட்டத்தட்ட நிஜ கலர். அது நீங்க நினைச்சதை விட ரெண்டு ஷேட் தூக்கலா இருக்கணும், கண்ணுக்கு கொஞ்சம் பயமாவே இருக்கும், பரவால்ல. பத்தலன்னா மெரிங்குக்கே இன்னொரு சொட்டு போட்டு சில செகண்ட் அடிச்சுட்டு மறுபடி தேய்ச்சுப் பாருங்க. ரெண்டையும் ஒட்டுமொத்தமா கலந்த பிறகு திருத்த வழியே இல்ல.

மாவு பதம் இட்லி மாவை விட கொஞ்சம் இளக்கமா, கரண்டில இருந்து அறுபடாம விழணும். ஒரே மாவுல ரெண்டு கலர் வேணும்னா மட்டும், கலரை முதல்லயே மெரிங்குல போடாம, பாதி கலந்திருக்கப்பவே ரெண்டு பாத்திரமா பிரிச்சு, தனித்தனியா கலர் போட்டு மீதியைக் கலந்து முடிங்க.

சிவப்பு

இதுக்குத் தனியா எழுதணும். வளைகாப்பு ஆர்டர்ல முக்காவாசி பேர் மஞ்சள் குங்குமம் கலர்ல கேக்கறாங்க. மஞ்சள் பிரச்சனையே இல்ல, ரெண்டு சொட்டுல வந்துடும். குங்குமச் சிவப்பு வராது. நாலு சொட்டு போட்டா பிங்க், எட்டு போட்டா அடர் பிங்க், பேக் ஆனதும் செங்கல். நிஜமான சிவப்பு வேணும்னா ஜெல்லோட பவுடரும் சேர்த்து அள்ளிக் கொட்டணும், ஷெல் கசக்கும், சாப்பிட்டவங்க நாக்கும் விரலும் சிவக்கும், மேல சொன்ன 100 மில்லிகிராம் கணக்கும் இடிக்கும். அதனால முழுச் சிவப்பு ஷெல் நான் பண்றதில்ல, கேட்டாலும் வேணாம்ங்கன்னு சொல்லிடுவேன்.

அதுக்கு பதிலா: மஞ்சள் ஷெல் சுட்டு, நல்லா ஆறினப்பறம், ஒரு சிட்டிகை சிவப்பு பவுடரை மூணு சொட்டு தண்ணில குழைச்சு, மெல்லிசான பிரஷ் நுனியால நடுவுல ஒரு பொட்டு. பிரஷ்ஷை டிஷ்யூல ஒத்திட்டு வைங்க, ஈரம் கூடினா ஷெல் அந்த இடத்துல கரைஞ்சு குழி விழும். ஃபேன் காத்துல பத்து நிமிஷம் காய விட்டா போதும். மஞ்சள் மேல குங்குமப் பொட்டு, வளைகாப்புத் தட்டுல இதைத்தான் எல்லாரும் ஃபோட்டோ எடுக்கறாங்க.

ஓவன்ல கலர் மாறாம

ஓடிஜில (வீட்டுல வைக்கற சின்ன கரண்ட் ஓவன்) மேல் ராடு ஆன்ல இருந்தா ஷெல் மேல லேசா பழுக்கும், கலர் போடாததுல அது தெரியாது, கலர்ல பளிச்சுனு தெரியும். நீலம் மேல பழுப்பு ஏறினா பச்சையா தெரியும், பிங்க் பீச் பழ கலராகும், லாவெண்டர் சாம்பலாகும். கீழ் ராடு மட்டும் போட்டு, ட்ரேயை நடுவுக்குக் கொஞ்சம் கீழ வச்சு, 145 டிகிரில 16லிருந்து 18 நிமிஷம். மேல் தட்டுல ஒரு காலி ட்ரே வச்சா இன்னும் நல்லது. டயல்ல இருக்க நம்பரை நம்பாதீங்க, உள்ள வைக்கற ஓவன் தெர்மாமீட்டர் வாங்குங்க, எந்த கலர் பாட்டிலை விடவும் இது முக்கியம்.

ஐப்பசி கார்த்திகைல ஃபேனுக்குக் கீழ ஒரு மணி நேரம் வச்சாலும் தோல் கட்டாது. ஏசி ரூம்ல வைங்க, பாதாம் மாவை முதல்லயே 100 டிகிரில பத்து நிமிஷம் உலர்த்தி ஆற வைங்க, அன்னிக்கு பவுடர் கலர் மட்டும். கரண்ட் போற வாய்ப்பு இருக்க நாள்ல மெரிங்கு அடிக்கவே ஆரம்பிக்காதீங்க.

அப்டேட்: நீங்க கேட்டதுல சிலது

இயற்கை கலர் போடலாமான்னு நிறைய பேர். மஞ்சள் தூள் கால் டீஸ்பூன் நல்லா நிக்குது, ஆனா வெளிச்சத்துல வச்சா வெளுக்கும். பீட்ரூட் பொடி மாவுல அவ்வளவு அழகா இருக்கும், சூடு பட்டா பழுப்பாயிடும், அதை நடு க்ரீமுக்கு வச்சுக்கங்க, அங்க சூடு இல்ல. வேலில பூக்கற சங்குப்பூவைக் காய வச்சு பொடி பண்ணி சலிச்சு ஒரு டீஸ்பூன் போட்டா நீலம் வரும், பளிச் நீலம் இல்ல, சாம்பல் கலந்த நீலம். அதுல எலுமிச்சை சாறு பட்டா ஊதாவாகும், மெரிங்கு நிக்கறதுக்கு எலுமிச்சையோ க்ரீம் ஆஃப் டார்டரோ (அதுவும் ஒரு புளிப்புப் பொடிதான்) போடறவங்க நீலம் எதிர்பார்க்காதீங்க. எனக்கு அந்த ஊதா பிடிச்சிருக்கு.

முட்டை இல்லாம பண்றவங்க: கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணிய சுண்ட வச்சு அடிக்கறப்ப மெரிங்கு கொஞ்சம் சாதுவாதான் இருக்கும், ஜெல் கூட ரெண்டு சொட்டுக்கு மேல தாங்காது. பவுடர்தான்.

பளீர் வெள்ளை எப்படின்னு ஒரு கேள்வி. ஒயிட்னர்னு விக்கறதுல டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும், ஐரோப்பிய யூனியன்ல 2022ல அதை உணவுல இருந்து எடுத்துட்டாங்க, நானும் போடறதில்ல. லேசான க்ரீம் கலர் இருந்தா இருந்துட்டு போகட்டும்.

கடைசியா காரைக்கால்ல இருந்து ஒரு அக்கா, ஷெல் மேல கலர் திட்டு திட்டா கசியுதுன்னு ஃபோட்டோ அனுப்பியிருந்தாங்க. அது கலர் தப்பு இல்ல அக்கா, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் டப்பாவைத் திறந்துட்டீங்க, வெளி ஈரக்காத்து பட்டு ஜில்லுனு இருக்க ஷெல் மேல தண்ணி கோத்துக்குச்சு. மூடின டப்பாவை அப்படியே வெளிய அரை மணி நேரம் வச்சுட்டு திறங்க. நான் ஆர்டர் கொடுக்கற டப்பா மூடியிலேயே இதை எழுதி ஒட்டிடறேன், இல்லன்னா மண்டபத்துல யாராவது உடனே திறந்து அடுக்கிடறாங்க.