வேன் பின்னாடி வருதுன்னு தைரியமா கிளம்பிடாதீங்க: காஷ்மீர் டூ கன்னியாகுமரி குரூப் சைக்கிள் டூருக்கு ரெடியாகுறது எப்படி

பெங்களூர் அல்சூர் ஏரிகிட்ட சனிக்கிழமை காலைல நாலரை மணிக்கு ஒரு சைக்கிள் கும்பல் கூடும், பாதி பேரு தமிழ், மீதிப் பேரு எங்க கூட சுத்திச் சுத்தித் தமிழ் பேசக் கத்துக்கிட்டவங்க. அதுல புதுசா வர்ற யாராவது ஒருத்தர் நந்தி ஹில்ஸ் ரெண்டு தடவ ஏறுனதும் கேட்டுடுவாங்க, "அண்ணே, அடுத்த கே டூ கே-க்கு நானும் வரலாமா, வேன் தான் கூடவே வருதே?" தாராளமா வாங்க. ஆனா வேன் உங்க பெட்டியத் தூக்கும், தண்ணி கேன தூக்கும், ஸ்பேர் வீல தூக்கும், மூணாவது நாள் காலைல சீட்ல உக்காரவே முடியாம ஒரு வலி வரும் பாருங்க, அத மட்டும் நீங்கதான் தூக்கணும்.

மொதல்ல கணக்க போட்டுக்கோங்க. ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் என்.எச் 44 சுமாரா 3,700 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 120 வெச்சா 31 நாள் சைக்கிள் மிதிக்கணும், வாரத்துக்கு ஒரு நாள் ரெஸ்ட்டு, ஜம்மு ரோட்டுல நிலச்சரிவுனு நிறுத்திட்டா அதுக்கு ஒரு நாள் உபரி, மொத்தம் 36 நாள் கிட்ட ஆயிடும். ஐடி கம்பெனில இவ்ளோ லீவு யாரு குடுப்பா? அதனால நாங்க நாலு துண்டா வெட்டி வெச்சோம்: ஸ்ரீநகர்-டெல்லி, டெல்லி-நாக்பூர், நாக்பூர்-பெங்களூர், பெங்களூர்-கன்னியாகுமரி. முழுசா வர்றவங்க எட்டு பேரு, துண்டுக்குத் துண்டு ஏறி எறங்குறவங்க ஆறு பேரு. மொத தடவ வர்றவங்களுக்கு என் யோசனை கடைசித் துண்டுதான், 650 கிலோமீட்டர் சொச்சம், ஆறு நாள், பாஷ தெரியும், தயிர் சாதம் கெடைக்கும்.

எந்த மாசம் கிளம்புறதுன்னு எங்க குரூப்ல நடந்த சண்ட இன்னும் முடியல. டிசம்பர் ஜனவரில போனா பஞ்சாப் ஹரியானால பனிமூட்டம், பத்தடி முன்னாடி லாரி நிக்கிறது தெரியாது, அதுல சைக்கிள் ஓட்டுறது தற்கொலை. நவம்பர்ல போனா டெல்லி புகை. பிப்ரவரி கடைசில போனா தமிழ்நாட்டுக்கு வரும்போது வெயில் மண்டையப் பொளக்கும். நான் சொல்றது அக்டோபர் ரெண்டாவது வாரம் ஸ்ரீநகர்ல கிளம்புறது, டெல்லிய புகை முத்துறதுக்குள்ள தாண்டிடலாம், மத்தியப் பிரதேசத்துல மழ முடிஞ்சிருக்கும், தமிழ்நாட்டுக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழைல கண்டிப்பா நனைவீங்க, நனைஞ்சா காயும், புகைய மூச்சுல இழுத்தா அது எங்க காயுறது.

ட்ரெயினிங் பத்தி. 12 வாரம் முன்னாடி ஆரம்பிங்க. ஒரே நாள்ல 200 ஓட்டி ஸ்டேட்டஸ் போடுறதுல ஒண்ணுமில்ல, நானும் பிரெவே 200-அ, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள 200 கிலோமீட்டர் முடிக்கிற சைக்கிள் ஓட்டத்த, 13 மணி 30 நிமிஷ லிமிட்டுக்குள்ள முடிச்சிட்டு ராஜா மாதிரி திரிஞ்சவன்தான், ஆனா மறுநாள் ஞாயித்துக்கிழம மதியம் வரைக்கும் தூங்குனேன். டூர்ல மறுநாள் காலைல அஞ்சரைக்கு மறுபடி அதே சீட்டு, அதுக்கு மறுநாளும் அதே சீட்டு. அதனால சனி 100 ஓட்டுனா ஞாயிறு 80 கட்டாயம் ஓட்டுங்க, கால் கெஞ்சும்போது ஓட்டுறதுதான் இங்க ட்ரெயினிங். வார நாள்ல ஒரு மணி நேரம் ரெண்டு தடவ போதும், நாலாவது வாரம் கொஞ்சம் குறைச்சிக்கோங்க, கிளம்புறதுக்கு முந்தின வாரம் ரொம்ப லேசா.

பெங்களூர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. நம்ம ஊரு கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏசி போட்ட மாதிரி காலை, எட்டரைக்கெல்லாம் தேவனஹள்ளில இட்லி சாப்ட்டு வீட்டுக்குத் திரும்பிடுறோம். நாக்பூர், அடிலாபாத் பக்கம் அக்டோபர் கடைசிலயும் மதியம் ஒரு சூடு வரும், அதுல நம்ம ஆளுங்க பொத்து பொத்துனு விழுவாங்க. பத்து மணிக்கு மேல வேணும்னே கோலார் ரோட்டுல மூணு நாலு தடவ ஓட்டிப் பாருங்க. மைசூர் எக்ஸ்பிரஸ்வே பக்கம் போயிடாதீங்க, 2023 ஆகஸ்ட்ல இருந்து அந்த மெயின் ரோட்டுல பைக்குக்கே தடை, சைக்கிளுக்கும் தடை, சர்வீஸ் ரோடுதான்.

உக்கார்ற எடத்தப் பத்தி யாரும் வாயத் தொறந்து பேச மாட்டாங்க, நான் பேசிடுறேன். உள்ள மெத்த வெச்சுத் தச்ச பேடட் ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடக் கூடாது. ஆமா, நெஜமாத்தான். ஜட்டியோட தையல்தான் தோல அறுக்கும். மூணு செட்டு ஷார்ட்ஸ் வேணும், ஒண்ணு போட்டிருக்கறது, ஒண்ணு காயுறது, ஒண்ணு மழைக்கு. ராத்திரி ரூமுக்கு வந்ததும் மொத வேலை குளிச்சிட்டு அத தொவைக்கிறது, வியர்வையோட அதையே போட்டுட்டு மெத்தைல உருண்டு வாட்ஸப் பாத்தீங்கன்னா மறுநாள் கொப்புளம் வந்து வேன்ல உக்காந்து ஊர் பாக்க வேண்டியதுதான், எங்க குரூப்ல ஒருத்தன் குவாலியர்ல இருந்து ஜான்சி வரைக்கும் அப்டித்தான் பாத்தான். சீட்டு உயரம் பாக்க சுலப வழி, குதிகாலை பெடல் மேல வெச்சா கால் நேரா நீளணும், முன்பாதம் வெச்சா முட்டி லேசா மடங்கணும். புது சீட்டு, புது ஷூ எதையும் டூர்ல மொத தடவையா போடாதீங்க.

சைக்கிளுக்கு 28 இல்ல 32 எம்எம் டயர் போடுங்க, 23-ல வந்து பறக்குறவன் கூட நான் போட்டிக்கு வரல. நம்ம ஹைவேல பஞ்சர் ஆணியால வர்றது கம்மி, லாரி டயர் வெடிச்சா அதுக்குள்ள இருக்குற மெல்லிசு இரும்புக் கம்பி ரோட்டோரம் பூரா சிதறிக் கெடக்கும், அதுதான் குத்தும். கண்ணுக்கே தெரியாது, டியூப மாத்துவீங்க, பத்து நிமிஷத்துல திரும்ப காத்து போகும். டயர் உள்பக்கம் விரல மெதுவா ஓட்டிப் பாத்து கம்பிய தேடிப் புடுங்கணும், அதுக்கு புருவம் எடுக்குற சின்ன இடுக்கி ஒண்ணு பையில இருக்கட்டும், ஆயிரம் ரூபா டூல்ஸ விட அது உதவும். வேன்ல டெரெய்லர் ஹேங்கர், அதான் பின்னாடி கியர் மாத்துற பாகத்த சைக்கிளோட மாட்டி வெக்கிற சின்ன துண்டு, வெச்சிருக்கீங்களான்னு ஒவ்வொருத்தரும் பாருங்க, அது சைக்கிளுக்கு சைக்கிள் மாறும், அடுத்தவரோடது பொருந்தாது, ஓடஞ்சா நடு மத்தியப் பிரதேசத்துல எந்தக் கடையிலயும் கெடைக்காது. செயின் லிங்க், பிரேக் பேட், ஸ்போக் நாலு, டியூப்ல ஒல்லியான பிரெஸ்டா வால்வா இருந்தா பெட்ரோல் பங்க்ல காத்தடிக்க அந்தச் சின்ன பித்தளை அடாப்டர்.

ஃபிளைட்ல போறவங்க பெடல கழட்டி, டயர் காத்த எறக்கி பெட்டில போடுங்க, பவர் பேங்கு கைப்பையிலதான் வரணும். இன்னொண்ணு, வேற ஸ்டேட் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீர்ல வேல செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும். எங்க பதினாலு பேர்ல ஒன்பது பேரு இத ஸ்ரீநகர் ஏர்போர்ட்ல எறங்கித்தான் கண்டுபுடிச்சாங்க, வீட்டுக்காரம்மா அஞ்சு மணி நேரம் போன் பண்ணிப் பாத்துட்டு எங்க அக்காக்கிட்ட அழுதது தனிக் கத.

சாப்பாடு. மணிக்கு 30-ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், ஒரு வாழப்பழத்துல சுமாரா 25 இருக்கும்னு வெச்சுக்கோங்க, மீதிக்கு கடலமிட்டாய், பேரீச்சம்பழம். பசிக்கும்போது சாப்ட்டா லேட்டு, அதனால போன்ல அர மணிக்கு ஒரு அலாரம் வைங்க. தண்ணி மணிக்கு அர லிட்டருக்கு மேல, வெயில்ல முக்கா லிட்டர். ஓஆர்எஸ்னா மெடிக்கல் ஷாப்ல கெடைக்கிற பவுடர், அட்டப் பெட்டில வர்ற இனிப்பு ஜூஸ் இல்ல, ஒரு லிட்டர் பாக்கெட்ட ஒரு லிட்டர்லயே கலக்கணும், ருசிக்காக பாதித் தண்ணில கலக்கிக் குடிச்சா வயித்தால போகும். பஞ்சாப் தாபால பராட்டா மேல வெண்ண உருகுறதப் பாத்து மதியமே அஞ்சு தள்ளிடாதீங்க, ராத்திரிக்கு வைங்க.

இனிமே குரூப்பு, வேன் விஷயம், இதுதான் டூர தூக்கி நிறுத்துறதும் கவுக்குறதும். முன்னாடி ஒருத்தர் வேகத்த கட்டுப்படுத்தணும், பின்னாடி ஒருத்தர் கடைசி ஆளா வரணும், அவருக்குப் பின்னாடி யாருமே இருக்கக் கூடாது. இந்தப் பின்னாடி ஆளு தெனம் மாறணும், எப்பவும் ஒரே பாவப்பட்ட ஆள நிறுத்தாதீங்க. முன்னாடி போற சக்கரத்துக்குப் பின்னாடி ஒட்டி ஓட்டுனா காத்து அடைச்சு உழைப்பு நல்லா கொறையும், ஆனா அர சக்கரம் பக்கவாட்டுல முந்திட்டு ஓட்டாதீங்க, முன்னாடி ஆளு லேசா வளைச்சா ரெண்டு பேரும் விழுவீங்க. குழி, ஸ்பீட் பிரேக்கர், எதிர்த்தாப்ல ராங் சைடுல வர்ற பைக்கு, எல்லாத்தையும் வாய் விட்டுக் கத்திப் பின்னாடி கடத்தணும்.

வேன் ரெண்டு இருந்தா ஒண்ணு 25 கிலோமீட்டருக்கு ஒரு தடவ முன்னாடி போய் நிக்கட்டும், இன்னொண்ணு கடைசி ஆளுக்குப் பின்னாடி. எங்க நிக்குதுங்கறத ஊர் பேர்ல சொல்லாதீங்க, "ஃபிளைஓவருக்கு முன்னாடியா பின்னாடியா, மேலயா கீழயா"னு சொல்லணும். கிருஷ்ணகிரில வேன் மேம்பாலம் தாண்டி மேல நின்னுச்சு, நாங்க கீழ சர்வீஸ் ரோட்டுல போயிட்டோம், ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே நடுவுல கம்பி வேலி, தண்ணிக்காக ரெண்டு கிலோமீட்டர் திரும்பி வந்தோம். அன்னிக்கு சொந்த ஊர் பக்கம் வந்துட்டோம்னு எல்லாரும் அசால்ட்டா இருந்ததுதான் காரணம்.

டிரைவர் அண்ணனுக்கு தனி ரூம், பேட்டா தெனம் சாயங்காலமே கையில, சைக்கிளப் பத்தி அவருக்கு ஒரு நாள் பொறுமையா சொல்லிக் குடுங்க. ஆல் இந்தியா பெர்மிட் உள்ள வண்டியான்னு பாத்து எடுங்க. தெனம் 18 கிமீ வேகத்துல ஊர்ந்து ஓட்டுறது அவருக்கு நம்மள விடப் பெரிய தண்டனை. வேன்ல ஏறுற ரூலயும் மொத நாளே பேசிடுங்க, இருட்டுனா எல்லாரும் ஏறணும், அதுல பேச்சே கெடையாது, "இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்"னு எவன் கெஞ்சுனாலும் ஏத்திடணும். காஷ்மீர்ல காசிகுண்ட்-பனிஹால், செனானி-நஷ்ரி ரெண்டு டனலும் ஒவ்வொண்ணும் எட்டு ஒன்பது கிமீ, அதுக்குள்ள சைக்கிள வேன்ல ஏத்துறதாவே பிளான் பண்ணுங்க.

ரெண்டு எடம் மட்டும் தனியா குறிச்சு வைங்க. சிவனி-நாக்பூர் நடுவுல பெஞ்ச் காட்டுப் பகுதி, விலங்கு கீழ போறதுக்காகவே ரோட்ட தூக்கிக் கட்டிருப்பாங்க, பாக்க ஆசையா இருக்கும், போட்டோவுக்கு நிக்காம கும்பலா தாண்டுங்க. இன்னொண்ணு தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய், சேலம் பக்கம் எறக்கம். ஓடி வந்த லாரிக்கு பிரேக் சூடாகி பிடிக்காம போற எடம் அது, நம்மளும் கால விரிச்சு சந்தோஷமா எறங்குவோம். அங்க மட்டும் வேன் பின்னாடி ஒட்டி வரணும், ரெண்டு ரெண்டு பேரா எறங்குங்க, பிரேக்க விட்டு விட்டுப் புடிங்க.

மதுரைக்கு அப்புறம் ரோடு சப்பட்டையா, நேரா, போரடிக்கும், கோவில்பட்டில கடலமிட்டாய் வாங்கி பைய நெறச்சுக்கோங்க. பணகுடி, காவல்கிணறு பக்கம் காத்தாலை தெரிய ஆரம்பிச்சா காத்து பக்கவாட்டுல தள்ளும், ஆடி மாசம் போனா ஆளையே சாய்க்கும், நவம்பர்ல அவ்ளோ மோசமில்ல, இருந்தாலும் லாரி கடக்கும்போது ஹேண்டில் பார இறுக்கிப் புடிங்க. கன்னியாகுமரில கடலப் பாத்ததும் எல்லாரும் அன்னிக்கு ராத்திரியே பெங்களூர் கிளம்பணும்னு குதிப்பாங்க, மறுநாள் ஆபீஸ்னு. டிரைவர் அண்ணன் 36 நாள் ஓட்டிருக்காரு, இன்னும் 650 கிலோமீட்டர் ஓட்டணும். ராத்திரி அவர் தூங்கட்டும், காலைல எட்டு மணிக்கு மேல கிளம்புங்க, அவசரக்காரங்களுக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் டிக்கெட்ட முன்னாடியே போட்டு வைங்க.