பிள்ளைகளுக்கு முதல் வேதியியல்: ஓராண்டுப் பாடத்தைப் படிப்படியாக அமைப்பது எப்படி?

பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வேதியியலை முதன்முதலாகச் சொல்லித்தரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஏறக்குறைய பத்து மாதம் என்பது என் கணக்கு. ஆய்வகம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சில கண்ணாடிக் குவளைகள், வெப்பமானி, ஊசி இல்லாத சிரிஞ்சுகள், ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி, 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஆகியவை இருந்தால் முக்கால்வாசிப் பாடம் நடந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடிக்கு அடுத்து எதையாவது நல்லதாக வாங்க முடியும் என்றால் அது தராசாக இருக்கட்டும்.

பல பாடத்திட்டங்கள் அணுவில் தொடங்குகின்றன. முதல் வாரம் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான். இரண்டாம் வாரம் தனிம வரிசை அட்டவணை. பிள்ளைகளும் மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளையிடம் தண்ணீரில் கரைந்த சர்க்கரைக்கு எடை உண்டா என்று கேளுங்கள். "அதுதான் கரைந்துவிட்டதே, எடை எப்படி இருக்கும்?" என்று திருப்பிக் கேட்பான்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் இந்தச் சிக்கலின் முடிச்சைக் காட்டினார். வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது: கண்ணால் காணும் பொருள், கண்ணுக்குத் தெரியாத துகள், தாளில் எழுதும் குறியீடு. தேர்ந்தவர்கள் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றுக்கும் தாவுவார்கள். புதிதாகக் கற்பவருக்கு மூன்றும் ஒன்றாக வந்தால் தலை சுற்றும். ஆகவே முதலில் பொருள், பிறகு துகள், கடைசியில் குறியீடு என்ற வரிசையை விட்டு விலகாதீர்கள். ஆண்டின் முதல் பாதியில் கரும்பலகையில் ஒரு வேதிக் குறியீடுகூட எழுத வேண்டாம் என்பது என் கட்சி.

படி 1: ஒரு மெழுகுவர்த்தி (முதல் இரண்டு வாரம்)

மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக நிகழ்த்திய உரைத்தொடர் முழுவதும் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியதுதான். அவருக்குப் போதுமானது நமக்கும் போதும்.

குழுவுக்கு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்து, கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "சுடர் மஞ்சளாக இருக்கிறது" என்பது கண்டது. "ஆக்சிஜனால் எரிகிறது" என்பது கேள்விப்பட்டது. இரண்டையும் நோட்டில் தனித்தனிப் பத்திகளில் எழுதவையுங்கள். இந்தப் பழக்கம் ஆண்டு முழுவதும் தொடரட்டும்.

பிறகு சுடரை ஊதி அணைத்துவிட்டு, திரியிலிருந்து எழும் வெண்புகையின் மேல்நுனியில் எரியும் தீக்குச்சியை நீங்கள் காட்டுங்கள். திரியைத் தொட வேண்டியதில்லை. நெருப்பு புகை வழியே சரேலென்று இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். காற்றோட்டம் இருந்தால் பலிக்காது, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எரிவது திரியா, மெழுகா, அந்தப் புகையா என்று பிள்ளைகள் வாதாடத் தொடங்குவார்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஆவியான மெழுகுதான் எரிகிறது என்ற முடிவுக்கு அவர்களே வந்து சேர ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

பாதுகாப்பு விதிகளையும் இந்த வாரமே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி அணியாமல் மேசைக்கு வரக் கூடாது. உப்பே ஆனாலும் வகுப்பில் எதையும் சுவைக்கக் கூடாது. வெளுப்பு நீரை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஆசிரியருக்கும் ஒரு விதி உண்டு: சுடர் நிறம் காட்டுவதற்காகத் திறந்த தட்டில் மெத்தனாலை ஊற்றிக் கொளுத்தும் செய்முறையின் பக்கமே போகாதீர்கள். வகுப்பறைகளில் மாணவர்கள் கடுமையான தீக்காயம் அடைந்த விபத்துகளுக்கு அது காரணமாக இருந்திருக்கிறது.

படி 2: கலப்பதும் பிரிப்பதும் (முதல் இரண்டு மாதம்)

மணல், உப்பு, இரும்புத்தூள் மூன்றையும் கலந்து கொடுத்து, பிரித்துத் தரச் சொல்லுங்கள். காந்தம், கரைத்தல், வடிகட்டல், ஆவியாக்கல் என்று ஒவ்வொரு முறையும் தேவை வரும்போது அறிமுகமாகட்டும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளில் ஒரு புள்ளி வைத்து, தாளின் அடிநுனியைத் தண்ணீரில் நனையவிட்டால், அந்தக் கறுப்பு பல நிறங்களாகப் பிரிந்து மேலேறும். பேனா நீரில் கரையும் மை கொண்டதா என்று முன்னதாகவே பார்த்து வையுங்கள்.

கரைதிறனுக்கு மட்டும் ஒரு முழு வாரம் ஒதுக்கலாம். அறை வெப்பநிலையில் 100 மி.லி. தண்ணீரில் உப்பு சுமார் 36 கிராம் கரையும். சர்க்கரை சுமார் 200 கிராம் கரையும். தண்ணீரைப் போல இரு மடங்கு சர்க்கரை உள்ளே போவதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்; அளந்து போடட்டும். சூடாக்கினால் சர்க்கரை இன்னும் ஏராளமாகக் கரையும்; உப்போ கொதிநிலையில்கூட 39 கிராமைத் தாண்டுவது அரிது. சூடாக்கினால் எல்லாமே நன்றாகக் கரையும் என்று அவர்கள் தாங்களாகவே எழுதிவைத்த விதி அங்கே உடையும்.

படி 3: துகள்கள் (மூன்றாம், நான்காம் மாதம்)

இப்போது துகளுக்கு வேலை வந்துவிட்டது. சிரிஞ்சில் காற்றை அடைத்து, முனையை விரலால் மூடி அழுத்தினால் அமுங்குகிறது. தண்ணீர் அமுங்க மறுக்கிறது. ஏன் என்பதைப் புள்ளிகளாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். அடுத்து, தூய ஆல்கஹால் 50 மி.லி., தண்ணீர் 50 மி.லி. இரண்டையும் ஆசிரியரே அளவு உருளையில் சேர்த்துக் காட்டலாம். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. மொத்தம் 100 வராது. மூன்று நான்கு மி.லி. குறையும். தராசில் வைத்தால் எடை மட்டும் குறைந்திருக்காது. துகள்கள் முன்னைவிட நெருங்கி அமர்ந்துவிட்டன என்ற விளக்கத்தை அவர்களில் ஒருவரே சொல்லிவிடுவார்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் விடாப்பிடியாக நிற்கும். கொதிக்கும் நீரின் குமிழிகளில் இருப்பது காற்று என்பது ஒன்று, அது நீராவி. சூடானால் துகளே பெரிதாகிறது என்பது மற்றொன்று. துகள் அதே அளவில்தான் இருக்கிறது, இடைவெளிதான் கூடுகிறது. ஒருமுறை திருத்தினால் போகாது. மாதம் ஒருமுறை படம் வரையச் சொல்லிப் பாருங்கள், மறுபடி முளைத்திருக்கும்.

படி 4: நிறை எங்கே போகிறது? (ஐந்தாம் மாதம்)

என்னைக் கேட்டால் ஆண்டின் முதுகெலும்பு இந்த மாதம்தான். வேதிவினை என்ற பேச்சை இங்கே தொடங்குங்கள். எடுத்துக்கொள்ள வேண்டியவை சமையல் சோடாவும் வினிகரும்.

முதலில் திறந்த குவளையில் செய்யுங்கள். சோடாவும் வினிகரும் சேர்வதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் குறைந்திருக்கும். "பொங்கியது, அதனால் கொஞ்சம் அழிந்துவிட்டது" என்பார்கள். வெப்பமானியையும் போட்டு வையுங்கள். பொங்குகிற கரைசல் குளிர்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

வாயுவை அடைத்துக் காட்டுவதற்குப் பெரும்பாலோர் பலூனைப் புட்டியின் வாயில் மாட்டுவார்கள். படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் தராசில் காலை வாரிவிடும். 5 கிராம் சோடா முழுதும் வினைபுரிந்தால் சுமார் 2.6 கிராம் கார்பன் டைஆக்சைடு, அதாவது ஒரு லிட்டருக்கும் மேலான வாயு வெளிப்படும். அந்த அளவுக்குப் பலூன் உப்பும்போது சுற்றியுள்ள காற்றை விலக்குகிறது. விலகிய காற்றின் எடைக்குச் சமமாகக் காற்று அதை மேலே தூக்குகிறது. எதுவும் வெளியேறாமலே தராசு ஒன்றரை கிராம் வரை குறைத்துக் காட்டும். நிறை மாறாது என்று நிரூபிக்கப் போய், மாறிவிட்டது என்று காட்டியதாக முடியும்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். வாயு நிரம்பிய குளிர்பானம் வரும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது. அதில் 50 மி.லி. வினிகர் ஊற்றுங்கள். ஒரே ஒரு கிராம் சோடாவை மெல்லிய தாளில் பொட்டலம் கட்டி, நூலில் தொங்கவிட்டு, நூலின் மறுநுனியை மூடிக்குள் சிக்கவைத்து இறுக மூடுங்கள். எடை பாருங்கள். புட்டியைச் சாய்த்துப் பொட்டலத்தை நனையுங்கள். நுரைத்து அடங்கியதும் மறுபடி எடை பாருங்கள்: அதே எண். இனி மூடியை மெல்லத் திருகினால் 'உஸ்' என்று வாயு வெளியேறும். தராசு சில பத்திலொரு கிராம் இறங்கும். வாயுவுக்கு எடை உண்டு என்பது அந்த நொடியில் விளங்கிவிடும். சோடாவின் அளவை மட்டும் கூட்டாதீர்கள்.

அடுத்த வகுப்பில் தீப்பிடிக்காத தட்டில் மெல்லிய இரும்பு நார்ச்சுருளை நீங்கள் எரித்துக் காட்டுங்கள். எரிந்தபின் எடை கூடியிருக்கும்; காற்றிலிருந்த ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்துவிட்டது. அந்த வகுப்புக்குப் பிறகு, வினையில் நிறை மாறாது என்பதைத் தராசால் காட்டிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

படி 5: அமிலமும் காரமும் (ஆறாம் மாதம்)

இது எளிய பகுதி, மூன்று வாரம் போதும். ஊதா முட்டைக்கோஸை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீர் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நிறத்தோடு நிறுத்திவிடாமல், சிட்ரிக் அமிலக் கரைசலில் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, எத்தனை சொட்டில் நிறம் மாறியது என்று எண்ணவையுங்கள்.

படி 6: தனிமமும் குறியீடும் (ஏழு முதல் ஒன்பதாம் மாதம்)

நீரைப் பிரிப்பதில் தொடங்குங்கள். சோடியம் சல்ஃபேட் கரைத்த நீரில் இரு கிராஃபைட் குச்சிகளை அமிழ்த்தி, 9 வோல்ட் மின்கலத்தை இணைத்தால், ஒருபுறம் சேரும் ஹைட்ரஜன் மறுபுறம் சேரும் ஆக்சிஜனைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் குறைவாகவே வரும், கவலை வேண்டாம். சோடியம் சல்ஃபேட்டுக்குப் பதில் சாதாரண உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். இரண்டுக்கு ஒன்று என்பதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் நீரின் குறியீட்டில் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறிய 2 எதற்கு என்று புரியும்.

லவாய்சியே 1789இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன. ஒளியும் வெப்பமும் அவற்றில் அடக்கம். அதைச் சொல்லி, எவையெல்லாம் தனிமம் அல்ல, ஏன் என்று விவாதிக்கவிடுங்கள்.

தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பதினெட்டு இருபது தனிமங்களுக்கு அட்டைகள் செய்து, அணு நிறையையும் குணங்களையும் எழுதி, இரண்டு அட்டைகளை ஒளித்துவைத்துவிட்டு, மற்றவற்றை அடுக்கச் சொல்லுங்கள். வரிசையில் ஓட்டை விழுவதை அவர்களே கண்டுபிடித்து, காணாமல்போன அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று ஊகிக்கட்டும். ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் செய்தது இதைத்தான். சிலிக்கானுக்குக் கீழே காலியாக விட்ட இடத்துக்கு அணு நிறை 72 இருக்கும் என்று 1871இல் சொன்னார்; 1886இல் கண்டுபிடிக்கப்பட்ட ஜெர்மானியத்தின் அணு நிறை 72.6.

சமன்பாட்டைச் சமன்செய்வதற்கு நிற மணிகளே போதும். வினைக்கு முன் இருந்த மணிகள் அத்தனையும் பின்னும் இருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்துப் புட்டியை நினைவூட்டினால் விதியைத் தனியாகச் சொல்ல வேண்டியிராது. இணைதிறன், எலக்ட்ரான் கூடு ஆகியவற்றை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள்.

படி 7: ஐந்து வெள்ளைத் தூள்கள் (கடைசி மாதம்)

எழுத்துத் தேர்வுக்குப் பதில் இதை வையுங்கள். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா, சோளமாவு, சிட்ரிக் அமிலம் ஆகியவற்றைப் பொடித்து, எண் மட்டும் எழுதிய புட்டிகளில் வையுங்கள். தண்ணீர், வினிகர், முட்டைக்கோஸ் நீர், நீர்த்த அயோடின் கரைசல் நான்கையும் கொடுங்கள். அயோடின் மாவில் கருநீலமாகும். சோடா வினிகரில் பொங்கும். சிட்ரிக் அமிலம் முட்டைக்கோஸ் நீரைச் சிவப்பாக்கும். இந்த நான்கைக் கொண்டு உப்பையும் சர்க்கரையையும் பிரிக்க முடியாது. அதுதான் உண்மையான தேர்வு. கரைதிறன் நினைவுக்கு வந்து "தராசு கிடைக்குமா?" என்று கேட்கும் குழு தேறிவிட்டது.

வேகமாக முடித்துவிட்ட குழுவுக்கு ஆறாவது புட்டி ஒன்று கைவசம் இருக்கட்டும்: சோடாவும் சிட்ரிக் அமிலமும் கலந்த தூள். உலர்ந்திருக்கும்வரை பேசாமல் இருக்கும், வெறும் தண்ணீர் பட்டாலே பொங்கும். ஈரம் படாமல் மூடிவையுங்கள். தேர்வு நாளன்று காலையில் கலப்பதே நல்லது.