அம்மாவின் தலைச்சுற்று: ஒரே குளிசை, இரண்டு பெயர்

வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்குக் கட்டிலால் எழும்பினால் தலைச்சுற்று, பின்னேரமானால் கால் வீக்கம். காது டொக்டரைச் சனல் பண்ணினோம், கண்ணாடி மாற்றினோம், உப்பைக் குறைத்தோம். சரிவரவில்லை. வீக்கத்துக்கென்று நீர் போகும் குளிசையும் சேர்ந்தது. சுற்று இன்னும் கூடியது.

கண்டுபிடித்தவர் கிளினிக் தாதி. வீட்டிலிருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் கொண்டுவரச் சொன்னார். அம்மாவைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பார்த்தார். மேல் எண் 20க்கு மேல் இறங்கியது. இருந்தபடி மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அப்புறம் கிளினிக் கடதாசி உறையையும் பார்மசி அட்டையையும் பக்கத்தில் வைத்தார். உறையில் பேனையால் ‘அம்லோடிபின் 5’, பிரஷருக்கான குளிசை. அட்டையில் கம்பனிப் பெயர் பெரிதாக. அதன் கீழே, குளிசை எடுத்துக் கிழிந்த ஓரத்தில், பொடி எழுத்தில் அதே அம்லோடிபின் 5. அம்மா இரண்டையும் எடுத்து வந்திருக்கிறார். ஆக, நாளுக்கு 10 மில்லிகிராம். அந்த மருந்தே கால்களை வீங்கச் செய்யும். அளவு கூடினால் வீக்கமும் கூடும்.

தாதி தானாக எதையும் நிறுத்தவில்லை. பட்டியல் எழுதி டொக்டரிடம் கொடுத்தார். அவர் ஒன்றை நிறுத்தினார், பிறகு நீர்க் குளிசையையும். வீக்கம் வற்றியது, சுற்றும் போனது. பெரிய நிம்மதி. பட்டியலின் நகல் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறோம்.