ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே வேகம் இல்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வருவார்கள். துறைமுக விளக்குகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நல்ல நிறமாலை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த நட்சத்திர ஒளி, எடுக்க வழியில்லை. அதனால் ஐரோப்பியத் தெற்கு வான்காணகம் பொதுவில் வைத்திருக்கும் நிறமாலைகளை இறக்கி, காமா ஈக்குலி துடிப்பதை அளக்கிறோம். ஏறத்தாழ 12 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் நட்சத்திரம் அது.

நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று கறுப்புக் கோடுகளைப் பதிக்கும். வாயு நம்மை நோக்கி வந்தாலும் விலகினாலும் அந்தக் கோடு இடம் மாறும், அதுதான் டாப்ளர் நகர்வு. முதல் வாரமே ஒரு பெண் எல்லாக் கோடுகளின் டாப்ளர் நகர்வையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு, "அண்ணா, இது துடிக்கவே இல்லை" என்றாள். கூட்டல் சரிதான். கலந்ததுதான் தப்பு.

காசிமேட்டில் நின்று பாருங்கள்: நடுக்கடலில் கண்ணுக்கே தெரியாத அலை கரைக்கு வர வர எழும்பும். அங்கே ஆழம் குறைவதால். நட்சத்திரத்தில் மேலே போகப் போக வாயு அடர்த்தி குறைவதால். காரணம் வேறு, காட்சி கிட்டத்தட்ட ஒன்று. இரும்புக் கோடுகள் கீழே, அடர்ந்த அடுக்கில் உருவாகின்றன. அவை அசைவதே அபூர்வம். பிரசியோடைமியம், நியோடைமியம் போன்ற அருமண் தனிமங்களையோ ஒளியின் அழுத்தம் மேலே தள்ளி வைத்திருக்கிறது. வலுவான காந்தப்புலம் அந்த வளிமண்டலத்தை அமைதியாக வைத்திருப்பதால் அவை கலைவதுமில்லை. அவற்றின் கோடுகள் நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடும். ஒரு கூடை இரும்புக் கோட்டில் ஒரு கைப்பிடி நியோடைமியத்தைப் போட்டால் ஆட்டம் எங்கே தெரியும்? போதாக்குறைக்கு, அலை கீழிருந்து மேலே ஏற நேரம் பிடிப்பதால் மேலடுக்கு பிந்தி ஆடும். பிந்தியதையும் முந்தியதையும் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரே தனிமம், ஒரே அயனி என்று பிரித்து அளந்தால், உயரத்தோடு துடிப்பு எப்படி வளர்கிறது என்பதே கிடைக்கும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

அடுத்தது எக்ஸ்போஷர். 5.37 நாளுக்கு ஒருமுறை துடிக்கும் டெல்டா செஃபியைப் பார்த்துப் பழகியவர்கள் கால் மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைப்பார்கள். அதற்குச் சரி. காமா ஈக்குலிக்கு 6 நிமிடம் வைத்தாலே வீச்சில் மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிடும். 12 நிமிடம் வைத்தால் மிச்சம் எதுவும் இருக்காது. வெளிச்சம் போதவில்லையே என்று நேரத்தைக் கூட்டாமல் பெரிய தொலைநோக்கியில் எடுத்த தரவைத் தேடுங்கள்.

பூமியின் ஓட்டத்தைக் கழிக்க மறப்பவர்கள் குறைவு, ஏனென்றால் நொடிக்கு 30 கிலோமீட்டர் கண்ணில் குத்தும். பூமி சுழலும் வேகத்தை விட்டுவிடுவார்கள். நிலநடுக்கோட்டில் அது நொடிக்குச் சுமார் 465 மீட்டர், நாம் தேடும் துடிப்பின் அளவுக்கே வரும்.

அப்புறம் நேரம். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து ஒளி 8 நிமிடம் வரை முந்தியோ பிந்தியோ வரும். 12 நிமிடத் துடிப்பில் அது பாதிக்கும் மேல். பல மாத இரவுகளை ஒட்டும்போது இதைத் திருத்தாவிட்டால் கட்டம், அதாவது எந்த நேரத்தில் துடிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது, குழம்பிவிடும். நாங்கள் ஒரு மாதம் இதில்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். திருத்தமெல்லாம் போட்ட பிறகும் வளைவுகள் சேரவில்லை. கோப்பில் இருந்தது எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம். நாங்கள் அதை நடுநேரம் என்று எடுத்திருந்தோம்.