‘சிஸ்டம் எடுக்குதில்ல’ என்று கவுண்டரில் சொன்னால்

இலங்கையில் தோட்ட வேலையை விட்டபின் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு விண்ணப்பிப்பவர்கள் (பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55) அடிக்கடி கேட்டுத் திரும்பும் பதில் இது. செக்ரோலில் (தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவேடு) செல்லம்மா, பிறப்பத்தாட்சியில் செல்லம்மாள், அடையாள அட்டையில் சிங்களம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன வேறொரு செல்லம்மா. ஆள் ஒன்று, பேர் மூன்று. இந்த வழக்கில் எதிராளிகள் இருவர்: கம்ப்யூட்டர் ஒன்று, அதன் முன்னால் இருப்பவர் மற்றது. மறுப்பது யார் என்று தெரியாமல் வாதாடினால் பஸ் காசுதான் நட்டம்.

முதலில், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். “மிஸ், அதுல என்ன காட்டுதுன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன், எழுதிக்கிறேன்.” கையில் பேனையும் தாளும் இருக்கட்டும். ‘பதிவு இல்லை’ என்றால் பெரும்பாலும் இலக்கத்தில் கோளாறு. ‘பொருந்தவில்லை’ என்றால் பேரில். திரையில் ஒன்றுமே வரவில்லை, உத்தியோகத்தர் ஆவணத்தைப் பார்த்தே வேண்டாம் என்கிறார் என்றால், கம்ப்யூட்டருக்கு இதில் சம்பந்தமே இல்லை.

இலக்கம் சுலபம். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். புதியதில் 12 இலக்கம். பழையதை மாற்ற, முன்னால் 19 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாம் இடத்துக்குப் பின் ஒரு 0 போடவேண்டும். ஒன்றில் தேடி வராவிட்டால் மற்றதிலும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிவுகள் பழைய இலக்கத்திலேயே கிடக்கும். பிறந்த ஆண்டை அடுத்த மூன்று இலக்கமும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூடும். பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1ல் பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. கலண்டரை வைத்து எண்ணி ‘ஒரு நாள் பிழைக்குது’ என்று யாராவது சொன்னால், பிழை அட்டையில் இல்லை.

பேர்தான் தலைவலி. மனிதருக்கு முத்தையாவும் முத்தைய்யாவும் ஒருவரே. கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து, ஒரு புள்ளி, சில இடங்களில் முதலெழுத்துக்குப் பின்னுள்ள ஓர் இடைவெளி மாறினாலும் வேற்றாள். வீட்டிலிருந்தே ஒரு தாளில் கோடு போட்டு, பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, விவாகப் பதிவு, பி கார்ட் (ஈ.பி.எஃப் உறுப்பினர் அட்டை), வங்கிப் புத்தகம் ஒவ்வொன்றிலும் உள்ள பேரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். ‘சரியான’ எழுத்துக்குத் திருத்தி எழுதிவிடாதீர்கள். பிழையைப் பிழையாகவே எழுதவேண்டும். ஆங்கிலத்தில் ‘எச்’ கூடுவதும் குறைவதும்தான் அதிகம் நடப்பது. தகப்பன் பேர் முன்னாலா பின்னாலா என்பது அடுத்தது.

போட்டோகொப்பிக் கடையில் படிவம் அடிப்பவர்களிடம் இன்னொன்று கேளுங்கள்: யூனிகோடா (இணையம் படிக்கும் எழுத்துமுறை), பாமினியா (பழைய எழுத்துரு)? பாமினியில் ‘முத்தையா’ என்று அடித்தால் தாளில் அழகாக விழும். உள்ளே இருப்பதோ ஓர் அரைப்புள்ளியோடு சேர்த்து ஏழு ஆங்கிலக் குறிகள். அதை இணையப் படிவத்தில் ஒட்டினால் கம்ப்யூட்டர் துப்பிவிடும். வாட்ஸப்பில் வந்த பேரை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும்.

வித்தியாசம் தெரிந்ததும் சமாதான நீதவானிடம் சத்தியக்கூற்று. ‘கீழுள்ள பெயர்கள் யாவும் என்னையே குறிக்கும்’ என்று எழுதி, தாளில் குறித்த எல்லாப் பேரையும் போடவேண்டும். ஒன்றை விட்டால் அந்த ஒன்றில்தான் அடுத்த முறை மாட்டும். தோட்ட ஆபீஸ் கடிதமும், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தர் அத்தாட்சியும் கையோடு இருந்தால் ஒரு பயணம் மிச்சம்.

ஆனால் சத்தியக்கூற்றைக் கம்ப்யூட்டர் வாசிக்காது. பதிவைத் திருத்த அதிகாரமுள்ள ஆள்தான் வாசிப்பார். கவுண்டரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அந்த அதிகாரம் இருக்காது. அவரோடு சத்தம் போட்டு என்ன பயன்? “இதைத் திருத்துற விஷயப் பொறுப்பு யாருங்க சேர்?” என்று கேட்டால் அவருக்கும் நிம்மதி, கை காட்டிவிடுவார். சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருந்தால் தமிழில் எழுதிய கடிதத்தை நீட்டுங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ம் உறுப்புரை இடம் தருகிறது. அதைச் சட்டமாக எடுத்து வீசாமல் கடிதமாகக் கொடுப்பதே வேலை செய்யும்.

வாயால் மட்டும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதுவும் வராவிட்டால் 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் சண்டை போலிருக்கும். ‘என் விண்ணப்பத்தில் எந்தத் தரவு எந்தப் பதிவோடு பொருந்தவில்லை’ என்று கேளுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலரே எழுதியெடுக்கவேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவுக்கு 14 வேலை நாள். கொடுத்த திகதியையும் பெற்றவரின் பதவியையும் உங்கள் பிரதியில் குறித்து, ஒப்பமும் முத்திரையும் வாங்கிய பிறகே பஸ் ஏறுங்கள்.