வெளியூர் வீட்டில் பேண்ட் ரெக்கார்டிங்: முதல்முறை போகிறவர்களுக்கு

வீட்டை விட்டுத் தள்ளிப் போய் ரெக்கார்ட் செய்வதில் இரண்டு லாபம். யாரும் குறுக்கிடாத நேரம் ஒன்று, நல்ல அறை இன்னொன்று. இரண்டாவதைத்தான் புதியவர்கள் கோட்டைவிடுகிறார்கள். 1971-இல் வெளிவந்த லெட் செப்பெலின் என்ற ராக் பேண்டின் நான்காவது ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு, இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் வீட்டில் டிரம்ஸை மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பாட்டின் டிரம்ஸ் ஒலியிலுள்ள பிரம்மாண்டத்தில் பாதி அந்தக் கூடத்தின் வேலை.

படி 1: கிளம்பும் முன்
ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் அமைப்பையும் முடிவு செய்துவிடுங்கள். கிளிக் (வேகம் காட்டும் டிக்-டிக் ஒலி), ரிதம் கிட்டார், ஒப்புக்கு ஒரு குரல் என கைடு டிராக், அதாவது கேட்டுக்கொண்டே வாசிக்க ஒரு தற்காலிகப் பதிவு, தயாராக இருக்கட்டும். டிரம் கீ (டிரம்மை டியூன் செய்யும் சாவி), உபரிக் கம்பிகள், கேபிள்களோடு ஒரு கனமான கம்பளமும் கட்டாயம். அது இல்லாவிட்டால் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிக்க அடிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போகும்.

படி 2: அறை தேர்வு
ஒவ்வொரு அறையிலும் நின்று ஓங்கிக் கை தட்டுங்கள். தகரத்தைத் தட்டியதுபோல் ஒலி நடுங்கினால், எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் அதைப் பந்தாடுகின்றன என்று பொருள்; ஒரு சுவரில் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். உயரமான கூரையுள்ள பெரிய அறை டிரம்ஸுக்கு. கிட்டார் ஆம்ப் தள்ளியுள்ள சின்ன அறையில், கதவு சாத்தி. பேஸ் கிட்டாரை, மைக் இல்லாமலே ஒலியை ரெக்கார்டிங் கருவிக்கு அனுப்பும் டிஐ பாக்ஸ் வழியாக நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: டிரம்ஸ்
நான்கு மைக் போதும்: கிக், ஸ்நேர் (குச்சியால் அடிக்கும், சுள்ளென்று ஒலிக்கும் டிரம்), மேலே இரண்டு. ஒரு கயிற்றின் முனையை ஸ்நேரின் நடுவில் பிடித்து, மேலுள்ள இரண்டு மைக்கும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். 30 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே ஒரு மைக்குக்கு ஒலி ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து, ஸ்நேர் சப்பென்று ஆகிவிடும்.

புது இடத்தின் ஈரப்பதத்தில் டியூனிங் மாறும். 1971-இல் தெற்கு பிரான்ஸின் நெல்கோட் மாளிகை நிலவறையில் பிரபல ராக் பேண்டான ரோலிங் ஸ்டோன்ஸே புழுக்கத்தில் கிட்டார் சுதி நிற்காமல் திண்டாடினார்கள். ஒவ்வொரு டேக்குக்கு (ஒருமுறை வாசித்துப் பதிவு செய்வதற்கு) முன்பும் டியூன் செய்யுங்கள்.

படி 4: செட்டிங்
24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்ச ஒலி மீட்டரில் -10 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். டெஸ்ட்டில் மெதுவாக அடிக்கிற டிரம்மர் டேக்கில் வெளுத்து வாங்குவார், அதற்கும் இடம் விடுங்கள். எட்டு டிராக் ஓடினால் மணிக்கு 4 ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். தினமும் இரவு இரண்டு டிரைவில் நகல் எடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

படி 5: டேக்
முதல் நாள் ஒத்திகை மட்டும். மறுநாள் எல்லோரும் சேர்ந்தே வாசியுங்கள், ஆனால் காதை டிரம்ஸில் வையுங்கள். கிட்டாரையும் குரலையும் ஊர் திரும்பியும் எடுக்கலாம், அந்தக் கூடத்தைக் கூட்டிவர முடியாது. ஒரு பாட்டு இழுத்துக்கொண்டே போனால் மல்லுக்கட்டாமல் அடுத்ததுக்குத் தாவுங்கள்.

டிரம்ஸைக் கழற்றும் முன் ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாகச் சில அடி அடித்து, ஒலி முழுதாக அடங்கும்வரை பதிவு செய்துகொள்ளுங்கள். மிக்ஸிங்கில் ஒரு ஸ்நேர் அடி பிசகியிருந்தால் ஒட்டுப்போட அதே அறையின் ஒலி கையில் இருக்கும்.